நகம் தடுக்கிய இடம்

பேரல் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவார். ஓட்டுக்கூரை மேல் மழை பெய்வதுபோலச் சலசலவென்று கேட்டால் அளவு சரி. டம்டம் என்று தட்டினால் தண்ணீர் குறைவு, பித்தளை பித்தளையோடு மோதி மரையெல்லாம் மழுங்கப் போகிறது என்று பொருள். சத்தம் அமுங்கிப் போனால் வாய்வரை திணித்துவிட்டோம். சரக்கு உருளாமல் ஒரே கட்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து மோட்டாரை நிறுத்தச் சொன்ன இரவுகள் உண்டு.

காரமடையில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கறிவேப்பிலைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது எங்கள் பட்டறை. 1979-ல் அப்பா அந்தப் பேரலைப் பழையதாக வாங்கிப் போட்டார். ஆறு பட்டை வைத்த இரும்பு உருளை, உள்சுவரில் ரப்பர், பக்கத்தில் நான்கு போல்ட் போட்டு இறுக்கும் மூடி, பெல்ட்டில் ஓடும் சின்ன மோட்டார். கோயம்புத்தூர் பம்புசெட் கம்பெனிகளுக்கான கிளாண்ட் நட், காஸ் அடுப்பின் பர்னர், குழாய்த் தலை என்று லேத்தில் கடைந்த பித்தளைச் சாமான்கள் சாக்கில் வரும். எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பும் போய், வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும்படி ஆக்கித் திருப்பிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஆரம்பத்தில் உள்ளே போட்டது இரும்புக் குண்டுமணியும் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும். நகைக்கடைக்காரர்கள் வெள்ளிச் சங்கிலிக்குச் செய்கிற அதே முறை. துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் எங்களுக்குக் கிடைத்தது வெகுகாலம் கழித்து.

தண்ணீர்தான் எங்களுக்குத் தீராத தொல்லை. போர் தண்ணீர் கடும் உப்பு. அதில் அலசி வெயிலில் வைத்தால் காய்வதற்குள் ஒவ்வொரு சாமான் மேலும் வெள்ளைப் பொட்டு விழுந்துவிடும். பேரலில் ஓட்டுவதற்கு உப்புத் தண்ணி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி என்பது அப்பாவின் சட்டம். பில்லூர் அணையிலிருந்து வெள்ளியங்காடு வழியாகக் கோயம்புத்தூருக்குப் போகிற பவானித் தண்ணீர் எங்கள் பக்கத்துக் குழாயிலும் வர ஆரம்பித்தபோது, குடிப்பதற்கு ஒரு குடம் பிடித்தால் பித்தளைக்கு ஒரு குடம் பிடிப்போம். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

ஆனால் பித்தளை கழுவுவதை நான் பட்டறையில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பத்தாவிடம் கற்றேன்.

அவர் வீட்டில் இருந்தது பூராவும் அனுப்பர்பாளையத்துப் பித்தளை. திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் தெருத்தெருவாகப் பாத்திரப் பட்டறைகள். கொங்கு நாட்டுக் கல்யாணச் சீரில் வரும் குடமும் அண்டாவும் போசியும் பெரும்பாலும் அங்கே தட்டியவைதான். வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் சாயங்காலம் வாசலில் எல்லாம் வந்து குவியும். பழம்புளியை ஊறவைத்துக் கரைத்து, சக்கையோடு தேய்த்து, கொஞ்ச நேரம் விட்டு, அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டு மறுபடி தேய்ப்பார். புளியின் அமிலம் கறுப்பை இளக்கும், சாம்பல் அந்த அமிலத்தை அடக்கும். இதை அவர் எந்த வார்த்தையில் நினைத்திருப்பாரோ தெரியாது, நேரம் மட்டும் துல்லியமாகத் தெரியும். “போதும் கண்ணு, தண்ணிய ஊத்து, செவந்துரும்” என்பார். புளியை அதிக நேரம் விட்டால் மஞ்சள் போய்ச் செம்பு நிறம் ஏறும் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். தெரிந்தும் முப்பது வயதில் கோட்டை விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்து, மாடுகள் பகலெல்லாம் கட்டுத்தரையிலேயே நின்றன. உள்ளே போனால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கிய வீட்டார், தண்ணி காட்டுகிற குடத்தைக் கட்டுத்தரைச் சுவரோரமே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கார்த்திகைக்குப் பாத்திரம் கழுவும்போது அது நீலம் பாரித்துக் கிடந்தது. அப்பத்தா புளி போட்டுத் தேய்த்து, அலசி, தலைகீழாகக் கவிழ்த்து, வழக்கம்போலக் கழுத்தைச் சுற்றி நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது.

“இங்க தொட்டுப் பாரு சாமி.”

தொட்டேன். கண்ணுக்கு மயிரிழைகூடத் தெரியவில்லை, நகத்துக்குத் தெரிந்தது. தண்ணீர் நிரப்பி வைத்தோம். சற்று நேரத்தில் கழுத்தோரம் ஒரு கோடு ஈரமாகி, அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு இறங்கியது. யாரும் இடிக்கவில்லை, கீழே போடவில்லை. கண்ணு பட்டிருச்சு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. “கட்டுத்தரைக் காத்து பித்தளைக்கு ஆகாது” என்று சொல்லிக் குடத்தை எடைக்குப் போடத் தனியே வைத்தார்.

அந்தச் சொல்லின் நியாயம் எனக்குப் புரிய இருபது வருடம் ஆனது. பட்டறைக்குச் சாமான் அனுப்பும் வாடிக்கையாளர் ஒருவர், உலோகவியல் படித்தவர், டீ குடித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். வெள்ளைக்காரப் பட்டாளம் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்குமாம். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், சுடாத தோட்டாவின் பித்தளைக் கூடு தானாக விரிசல் விட்டிருக்கும். ஒவ்வொரு மழைப் பருவத்திலும் நடந்ததால் அதற்குப் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணத்தை மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று பேர் 1921-ல் தெளிவாக எழுதினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம். ஆனால் அம்மோனியா மட்டும் போதாது. பித்தளையைக் குளிர்ந்த நிலையிலேயே இழுத்தும் தட்டியும் உருவம் கொடுக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து மேற்பரப்பின் நுண்ணிய உலோக மணிகளுக்கு நடுவே அரிக்க, உள்ளிருக்கும் இறுக்கம் அந்த இடத்தைப் பிளந்துவிடுகிறது. நெருப்பில் அளவாகக் காய்ச்சி அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் விரிசல் வராது. பட்டாளத்துத் தோட்டாவின் கழுத்தில் மயில் கழுத்துபோல ஒரு நீலநிறம் ஓடுமே, அது காய்ச்சிய அடையாளம். பரிசோதகர் கண்ணில் பட வேண்டும் என்று அதைத் துடைக்காமலே விடுவார்கள்.

எனக்கு அப்பத்தாவின் குடமும் அந்தக் குதிரை லாயமும் ஒன்றாகிவிட்டன. அதன்பிறகு பட்டறையில் அம்மோனியா கலந்த பாலிஷ் திரவம் எதையும் உள்ளே விட்டதில்லை. சீக்கிரம் பளபளக்கும், உண்மைதான். இழுத்துச் செய்த மெல்லிய பித்தளைக்கு அது விஷம்.

தோட்டாக் கூட்டைக் கையில் வைத்துப் பார்த்ததும் அதற்கு முன்பே நடந்திருந்தது. 1982-ல் கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன். மலையடிவாரத்தில் ஒரு சுடுதளத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். பாயிண்ட் டூ டூ ரைபிள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. போல்ட்டை இழுத்தால் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளமான பித்தளைக் கூடு எகிறி வெளியே விழும். சூடாக, கந்தகம்போல ஒரு வாசனையோடு. சுட்டு முடிந்ததும் ஹவில்தார் தார்ப்பாயில் கூடுகளைக் கொட்டி எண்ணினார். நாற்பது பேர், இருநூறு இருக்க வேண்டும். 199 இருந்தது.

வண்டி ஏறக்கூடாது என்றுவிட்டார். நாற்பது பேரும் வரிசையாக முட்டி போட்டு, கோரைப் புல்லை விரலால் விலக்கி விலக்கித் தேடினோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பையன் சட்டைக் கையை இறக்கிவிட்டபோது மடிப்பிலிருந்து அது விழுந்தது. ஹவில்தார் கோபிக்கவில்லை. இருநூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். காலியான ஒரு சின்னக் குப்பிக்கு இவ்வளவா என்று அன்று நினைத்தவன், வண்டியில் வரும்போது வேறு மாதிரி நினைத்தேன். நாங்கள் பார்த்து வளர்ந்த நீலமலையின் மேல்தான் அருவங்காடு இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஏறினால் குன்னூர், வெலிங்டன், அடுத்து அருவங்காடு. 1903-ல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை அங்கே தோட்டாவுக்கு வேண்டிய வெடிமருந்தைச் செய்துகொண்டிருக்கிறது. 2021-ல் மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. மலைரயிலில் போகிற சுற்றுலாக்காரர்கள் அந்த ஸ்டேஷனில் டீ வாங்கிக் குடிப்பார்கள். மருந்து ஓரிடம், பித்தளை ஓரிடம், ஈயம் ஓரிடம் என்று எங்கெங்கோ செய்து ஒன்றாகச் சேரும் பொருள் அது. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் யாரோ கணக்கு எழுதித்தான் ஆகவேண்டும்.

அப்பாவுக்கும் அந்த எண்ணம் உறுதியாக இருந்தது. ஒருமுறை ஒருவர் பழைய துப்பாக்கிக் காலிக் கூடுகளைப் பையில் கொண்டுவந்து, பேரலில் ஓட்டிப் பளபளப்பாக்கிக் கொடுங்கள், அலங்காரத்துக்கு விளக்குச் செய்யப் போகிறேன் என்றார். அப்பா பையைத் திறக்கவே இல்லை. “அது எங்க வேலை இல்லீங்க, காயிதம் இருந்தா போலீஸ்ல கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். 1959-ம் வருட ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்றே கணக்கில் எடுக்கிறது. எனக்கு அந்தச் சட்டம் அன்று தெரியாது. அப்பாவுக்கும் படித்துத் தெரிந்திருக்காது.

இனி, கோட்டை விட்ட கதை. 1994, மாசி மாதம், அரங்கநாதர் தேர். காரமடைக்காரனுக்குத் தேரன்று வேலை ஓடாது. ஊரே தாசர்களின் சங்குச் சத்தத்தில் இருக்கும். அடுத்தடுத்த நாளில் தீப்பந்தங்களோடு பந்த சேவை, தோல்பையில் தண்ணீர் சுமந்து வரும் தண்ணீர் சேவை. எனக்கு ஒரு அவசர ஆர்டர். அறுபது கிலோ அடுப்புச் சாமான். அப்போது புளிக்குப் பதில் எலுமிச்சை உப்பு போட ஆரம்பித்திருந்தோம். சிட்ரிக் ஆசிட்தான், மளிகைக்கடையில் கிடைக்கிற அதே வெள்ளைத் தூள். ஒரு பேரலுக்கு ஒரு தேக்கரண்டி போதும். சீக்கிரம் முடியட்டும் என்று கையால் அள்ளிப் போட்டேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று ஓடவிட்டுத் தேர் பார்க்கப் போனேன். வடம் பிடித்தவன் நடுவில் விட மனம் வரவில்லை. இருட்டித் திரும்பினேன்.

மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது பித்தளையே அல்ல. ரோஜா நிறத்தில், மங்கலாக, புண் ஆறிய தோல்போல இருந்தது. அமிலம் மேல்பரப்பின் துத்தநாகத்தைத் தின்றுவிட, செம்பு மட்டும் மேலே நின்றது. மரைகளும் தேய்ந்திருந்தன. அப்பா ஒன்றை எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்க அப்பத்தா இருந்திருந்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அறுபது கிலோவுக்கும் நாங்கள் பணம் கட்டினோம். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பேரலின் கழிவுத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பும் துத்தநாகமும் கரைந்து பச்சையாக இருக்கும் தண்ணீர் அது. பக்கத்திலேயே கறிவேப்பிலை. நாடெங்கும் லாரியில் போகிற இலை. அப்பா சிமெண்ட் தொட்டி கட்டிச் சுண்ணாம்பு போட்டு, மண்டியை இறக்கி, மேல்தண்ணீர் தெளிந்தபிறகே மறுபடி பேரலுக்கு எடுப்பார். செலவு, வேலை, இரண்டும் கூடுதல். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்ததையும், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தபோது, அந்தச் சிமெண்ட் தொட்டியை நினைத்துக்கொண்டேன்.

2019-ல் மகளைப் பார்க்க அமெரிக்கா போனோம். டல்லாஸ் பக்கம். மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமையானால் துப்பாக்கி சுடும் தளம். போட்டிக்குச் சுடுகிறவர். எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை, மகளிடம் சொல்லவும் செய்தேன். ஒருநாள் மதியம் கார் ஷெட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சலசலவென்று, ஓட்டின் மேல் மழை.

எழுந்து போய்ப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் உருளை, இரண்டு ரப்பர் ரோலர் மேல் படுத்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே தெரிகிற பக்க மூடி வழியாகக் கறுத்த நுரை. உள்ளே தோட்டாக் கூடுகள். சுட்டபின் பொறுக்கி வந்து, அடியில் மருந்தைப் பற்றவைத்துச் செத்துப்போன பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, கழுவி, காய வைத்து, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அங்கே பலர் இதை வீட்டிலேயே செய்கிறார்கள், சட்டம் அனுமதிக்கிறது. நான் என்.சி.சி.யில் சுட்ட பாயிண்ட் டூ டூவுக்கு இது முடியாது. அதில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒருமுறை அடித்து நசுங்கினால் அவ்வளவுதான். நடுவில் பிரைமர் வைக்கிற பெரிய தோட்டாதான் மறுபிறவி எடுக்கும்.

“என்னென்ன போட்டிருக்கீங்க மாப்ள?”

“தண்ணி, பாத்திர சோப்பு ரெண்டு சொட்டு, ஸ்டீல் ஊசி, கொஞ்சம் சிட்ரிக் ஆசிட், மாமா.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. எலுமிச்சை உப்பு. எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். கால் ஸ்பூன் என்றார். எத்தனை நேரம்? ஒன்றரை மணி. “அதுக்கு மேல விட்டுறாதீங்க, செவந்துரும்” என்றேன். அப்பத்தாவின் குரல் என் வாயிலிருந்து வந்ததை மகள் கதவருகே நின்று கேட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து நானும் கூட உட்கார்ந்தேன். அவர் முன்பு மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கையைத் தூளாக்கியதில் உலர்வாகப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாராம். அதில் தூசு பறக்கும். பிரைமரில் ஈயக் கலவை இருப்பதால் அந்தத் தூசு மூச்சுக்கு ஆகாது, வீட்டில் குழந்தை வேறு. தண்ணீரில் கழுவினால் தூசு எழாது, ஆனால் ஈயம் தண்ணீரில் இருக்கும். “இந்தத் தண்ணி எங்க போகுது?” என்று கேட்டேன். தனி வாளியில் ஊற்றி மண்டியைத் தங்கவைத்து, அபாயகரமான கழிவு சேகரிக்கும் மையத்தில் கொடுப்பதாகச் சொன்னார். அவர் மேலிருந்த என் வருத்தம் அந்த நிமிடம் பாதி கரைந்துவிட்டது.

ஊசிகள் ஒன்றேகால் மில்லி கனம் இருக்கும், அரையங்குலத்துக்கும் குறைந்த நீளம். கூட்டின் வாய் வழியே நுழைந்து உள்சுவரையும் அடிக்குழியையும் தேய்த்துவிடும். நாங்கள் குண்டுமணியால் தொடவே முடியாத மூலை அது. அலசியபின் ஒவ்வொன்றையும் கவிழ்த்து ஊசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு ஊசி சேர்ந்து அடித்துளையில் சிக்கிக்கொள்வதுண்டு. பிறகு துண்டில் உருட்டி, பழம் உலர்த்தும் பெட்டியில் அடுக்கிக் காயவைப்பார். உள்ளே ஈரம் துளி இருந்தாலும் மருந்து கெட்டுவிடும். அம்மா மொட்டைமாடியில் வடகம் திருப்பிப் போடுவதுபோல நான் கூடுகளைத் திருப்பிப் போட்டேன்.

காய்ந்ததும் அவர் மஞ்சள் விளக்கடியில் கொட்டினார். புதுக் குத்துவிளக்கு நிறம். அவருக்கு அந்தப் பளபளப்பு சந்தோஷமாக இருந்தது. எனக்கு அதில் வேறு வேலை இருந்தது. பித்தளையைக் கழுவுவதே இதற்குத்தான் என்று நான் நம்புகிறேன். அழுக்கு இருக்கும்வரை விரிசல் அழுக்குக்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தில் நகத்தை ஓட்டினேன். இரண்டில் வாய் விளிம்பிலிருந்து கீழே சின்னக் கீறல் இறங்கியிருந்தது. மாப்பிள்ளை ஒன்றை ஏற்கெனவே பார்த்துவிட்டார், இன்னொன்று எனக்குச் சிக்கியது.

மூன்றாவது வேறு வகை. பெரிய ரைபிள் கூடு, பல தடவை சுட்டது. கழுத்தில் ஒன்றும் இல்லை. அடிப்பகுதிக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு மெல்லிய வளையம் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரிந்தது. வெளியே நகம் தடுக்கவில்லை. “இது என்னங்க?” என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். ஒவ்வொரு தடவை சுடும்போதும் பித்தளை நீண்டு, அந்த இடத்தில் சுவர் உள்பக்கமாக மெலிந்துகொண்டே வருமாம். அடுத்த முறை சுட்டால் கூடு இரண்டாக அறுந்து, அழுத்தமெல்லாம் சுடுகிறவர் முகத்துப் பக்கம் திரும்பலாம். காகிதம் கோக்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, முனையை மட்டும் கொஞ்சம் வளைத்து உள்ளே விட்டார். அடியிலிருந்து மெல்ல மேலே இழுத்தார். பிறகு என் கையில் கொடுத்தார்.

“நீங்க பாருங்க மாமா.”

கம்பியை உள்சுவரில் அழுத்தி இழுத்தேன். வழுவழுவென்று வந்த கம்பி ஓரிடத்தில் நின்றது. விட்டுவிட்டு மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் நின்றது.

அவர் பிளையரை எடுத்து அந்தக் கூட்டின் வாயை நசுக்கி, இனி யாரும் தவறி எடுக்காதபடி எடைக்குப் போடும் டப்பாவில் போட்டார். மகள் சாப்பிடக் கூப்பிட்டாள். ஈயம் இருக்கும் என்று இருவரும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.